லென்ஸை மறைக்கும் கை

பதினேழாவது நிமிடம் வந்ததும் படக்கார அக்கா நாற்காலியை விட்டு எழுந்து, புரொஜெக்டரின் முன்னால் உள்ளங்கையை வைத்து மறைக்கிறார். சுவரில் கட்டிய வெள்ளை விரிப்பு இருண்டுபோகிறது. ஒரு பெண்ணின் குரல் மட்டும் கேட்கிறது. பின்வரிசையில் யாராவது, "மிஷின் போச்சா?" என்பார்கள். அக்கா நான்கு நிமிடம் கழித்துக் கையை எடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்துகொள்வார்.

அக்காவுக்குப் பிழைப்பு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது. சனி, ஞாயிறுகளில் ஆவணப்படம் போடுவார். சங்க அலுவலகம், நூலக மாடி, குடியிருப்பின் கூட்ட அறை என்று எங்கே கூப்பிட்டாலும் தோள்பையோடு வந்து நிற்பார். படத்தைப் பார்க்கவே மாட்டார். பார்ப்பவர்களின் முகத்தைத்தான் பார்ப்பார். "யாரு மூக்க உறிஞ்சறாங்களோ அவங்கள விட்டுடக் கூடாது" என்பது அவர் கணக்கு. விளக்கு எரிந்ததும், "அழுதது போதும். திங்கக்கெழம மனு குடுக்க யார் யாரு வரீங்க, கை தூக்குங்க" என்பார். நானும் ஒருமுறை தூக்கினேன். திங்கட்கிழமை எனக்கு வேறு வேலை வந்துவிட்டது. அதைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

கையால் மறைக்கும் இந்தப் படம் ஆஸ்பத்திரித் துணி துவைப்பவர்களைப் பற்றி அவரே எடுத்தது. ரத்தமும் சீழுமாக வரும் துணிகளை வெறுங்கையால் பிரித்து அலசுகிறார்கள். பதினேழாவது நிமிடத்தில் ஒரு தொழிலாளி தன் புண்ணான கைகளைக் காட்டிப் பேசுகிறாள். மறைக்காமல் காட்டிய நாட்களில் அந்த முகத்தைப் பார்த்துக் கலங்காத ஆள் கிடையாது. அந்தப் படத்தைப் போட்டுப் போட்டே ஆள் திரட்டி, அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் கையுறை வாங்கிக் கொடுக்க வைத்தார் அக்கா.

தலைகால் புரியவில்லை அவருக்கு. அவளுக்குச் சொல்லாமலே அவள் தெருவில் திரையைக் கட்டிவிட்டார். படம் எடுக்கும்போதே அவள் ஒன்று சொல்லியிருந்தாள்: எங்கே வேண்டுமானாலும் காட்டுங்கள், எங்கள் தெருவில் மட்டும் வேண்டாம், மகளைக் கொடுத்த இடத்தில் எனக்கு ஆபீஸ் வேலை என்று சொல்லியிருக்கிறோம். அக்காவுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. கையுறைதான் வந்துவிட்டதே, இனி என்ன கூச்சம் என்று அவராகவே முடிவுகட்டிவிட்டார்.

முன்வரிசையில் மகளின் மாமியார். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தொழிலாளி எழுந்து, திரைக்கு முன்னால் குனிந்து நடந்து வெளியே போனாள். அவள் நிழல் திரையில் இருந்த அவள் முகத்தின் மேலேயே விழுந்தது.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போன அக்காவை அவள் உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "ஊரையே கை தூக்கச் சொல்றீங்களேக்கா, என் ஒருத்தி பேச்சு உங்க காதுல ஏறலையா?" என்றாள். குரல் இருந்துவிட்டுப் போகட்டும், முகம் இனி எங்கும் வேண்டாம் என்றாள்.

அந்த இடத்தை வெட்டிவிட வேண்டியதுதானே என்று அக்காவிடம் கேட்டேன்.

"வெட்டிட்டா நான் மறந்துருவேன். நல்லது செய்யறோம்ங்கற திமிரு இருக்கே, அதுதான் என் கண்ண மறச்சிது. ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு நிக்கணும், எனக்கு உறைக்கணும்."

போன ஞாயிறு வேறொரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படம். கையுறைக்கு ஒப்புதல் தர வேண்டிய அதிகாரி முதல் நாற்காலியில் இருந்தார். நாற்பது தொழிலாளிகள் சுவரோரமாக நின்றார்கள். பதினேழாவது நிமிடம் வந்தது, அக்கா எழுந்தார், திரை இருண்டது.

"மொகத்தக் காட்டுங்கம்மா. ஆளப் பாக்காம எப்படி நம்பறது?" என்றார் அதிகாரி.

திரும்பியிருந்தால் நாற்பது பேரின் கைகளையும் பார்த்திருக்கலாம். அவருக்குத் திரையில்தான் வேண்டியிருந்தது. அக்கா கையை எடுத்தால் அத்தனை பேருக்கும் நாளையே கையுறை வரலாம். எடுத்துவிட மாட்டாரா என்று நானும் நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

அக்காவின் விரலிடுக்கில் வெளிச்சம் கசிந்து விரிப்பில் கோடு கோடாக விழுந்தது. அவர் மறு கையையும் கொண்டுவந்து அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.