ஸ்பீக்கர் போய்டும்!

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு ஹாலில், இணையத்திலிருந்து பாட்டெடுக்கும் ஸ்ட்ரீமரையும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ப்ரீஆம்ப்பையும், தனி ஸ்விட்ச் உள்ள ஆக்டிவ் ஸ்பீக்கர்களோடு ஆசை ஆசையாக இணைத்தேன். "வரிசை மாத்தி ஆஃப் பண்ணா ஸ்பீக்கர் போய்டும். யாரும் கை வெக்கக் கூடாது" என்று மனைவியிடம் கத்தவும் செய்தேன்.

மறுநாள் விழுப்புரத்திலிருந்து திரும்பும்போது, பஸ்ஸில் இயர்போனை மாட்டிப் பாட்டுப் போட்டேன். சத்தமே இல்லை. வால்யூமை முழுக்க ஏற்றினேன். அப்புறம்தான் திரையைப் பார்த்தேன். போன் இன்னும் வீட்டு ஸ்ட்ரீமரோடுதான் இணைந்திருந்தது; பாட்டு அங்கே முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது! நிறுத்துவதற்குள் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது.

வீட்டில் கைக்குழந்தை. பக்கத்து சீட்காரரின் போனை வாங்கி மனைவியை அழைத்தேன். எடுக்கவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் நகரவேயில்லை.

"இன்னா சார், வீட்ல எதுனா பேஜாரா?" என்றார் அவர். மறுபடியும் அவர் போனில் மனைவியின் எண்ணை அழுத்தினேன்.

தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. வாசல் வெயிலில், குழந்தையின் காதைப் பொத்தியபடி மனைவி நின்றிருந்தாள். ஓடிப்போய் ப்ரீஆம்ப்பின் வால்யூம் குமிழைத் திருகினேன். அடங்கியது.

"ஆஃப் பண்ண வேண்டியதுதான?"

"எத மொதல்ல ஆஃப் பண்றதுன்னு தெரியலீங்க. ஸ்பீக்கர் போச்சுன்னா கத்துவீங்களேன்னு, புள்ளையத் தூக்கிக்கினு வெளிய வந்துட்டேன்."

அவள் பயந்தது அந்தச் சத்தத்துக்கு இல்லை.

இப்போதெல்லாம் அந்தக் குமிழ் அவள் கையில்தான். என் குரலைக் குறைக்கத்தான் நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.