பின்னணி இசைக் குழுவினர்

என் அம்மா சின்னசேலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தார். வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. மற்ற நாட்களில் கட்டில்மேல் கீபோர்டை வைத்துக்கொண்டு புதிது புதிதாக இசை எழுதுவார். இதையெல்லாம் யார் வாசிக்கப்போகிறார்கள் என்று அப்பா ஒருமுறை கேட்டார். ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றார் அம்மா.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது ஆள் கிடைத்தது. வெள்ளிமலையில் விடுதியில் தங்கிப் படிக்கும் எட்டுப் பெண்கள். ஏதோ ஒரு போட்டியில் அவர்கள் பாடியதைக் கேட்டுவிட்டு வந்த அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவர்களுக்காகவே ஒரு பாட்டு எழுத ஆரம்பித்தார். மலைப்பாதையில் ஏறும் பஸ்ஸைப் பற்றிய பாட்டு. ஒவ்வொரு வளைவிலும் சுருதி கொஞ்சம் ஏறும். பஸ்ஸின் ஹாரனுக்குக் கீபோர்டு சரிப்படாது, நிஜமான டிரம்பெட்தான் வேண்டும் என்று தோன்றியதும், ஊருக்கு வெளியே குடியிருந்த ஒரு பேண்டு செட்டைப் பேசி வீட்டுக்கே வரவழைத்துவிட்டார்.

அவர்கள் ஆறு பேர். கல்யாண ஊர்வலத்துக்கும் வாசிப்பார்கள், சாவுக்கும் வாசிப்பார்கள். அவர்களில் டிரம்பெட் வாசிப்பவரைத்தான் எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அவருக்கு ஸ்வரம் படிக்கத் தெரியாது. அம்மா பாடிக்காட்டுவார். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு அப்படியே வாசிப்பார். பிறகு மெதுவாகத் திருத்தம் சொல்வார்.

"இங்க ஒரு ஹாரன் பத்தாது டீச்சர். எதிர்ல லாரி வந்துகினு இருக்குதுன்னா டிரைவரு ரெண்டு தபா அடிப்பாரு. ரெண்டாவது கொஞ்சம் கோவமா இருக்கும்."

அம்மா உடனே அழித்து எழுதுவார். ஒவ்வொரு ஞாயிறும் இப்படியே போய், கடைசியில் பாட்டில் பாதி அவருடையதாகிவிட்டது. அதை அம்மாவே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அதில் பெருமை எதுவும் இல்லை. இவர்களை வீட்டுக்குள் வரை விடவேண்டுமா என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டது என் காதில் விழுந்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை என் வகுப்புத் தோழி ஒருத்தி எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "உங்க வூட்டுக்கு சாவு பேண்டு வந்துச்சே, யாருடி செத்தா?" வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தால் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவேன். புழுங்குகிறது என்று அம்மா திறப்பார். கொசு வருகிறது என்று மறுபடி சாத்துவேன்.

பாட்டு முதன்முதலாக அரங்கேற நாள் குறித்தார்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில், பல பள்ளிகள் சேர்ந்து நடத்திய விழா. பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள் என்பதால் மைக்கில் அறிவிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். என்ன சொல்லவேண்டும் என்பதை அம்மா ஒரு தாளில் எழுதித் தந்தார். தன் பெயருக்கு முன்னால் மாஸ்டரின் பெயரை எழுதியிருந்தார். பிறகு மற்ற ஐந்து பேரின் பெயர்கள், பிறகு வெள்ளிமலை மாணவிகள்.

முந்தின நாள் கடைசி ஒத்திகை முடிந்து கிளம்பும்போது மாஸ்டர் என்னிடம் வந்தார்.

"பாப்பா, என் பேர மட்டும் கொஞ்சம் நிறுத்தி சொல்லும்மா. எங்க வூட்டு ஜனமெல்லாம் வராங்க. மைக்குல மாப்ள பேரு சொல்வாங்க, செத்தவங்க பேரு சொல்வாங்க. வாசிக்கிறவன் பேர எவனும் சொன்னதில்ல."

சரி என்று தலையாட்டினேன். அப்போது அப்படியே செய்யவேண்டும் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மதியம் மேடையேறி மைக்கைப் பிடித்தபோது, மூன்றாவது வரிசையில் என் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தோழி எனக்குக் கை காட்டினாள். மேடையில் எனக்குப் பின்னால் எட்டுப் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் சிவப்புக் கோட்டில் பேண்டுக்காரர்கள். மாஸ்டர் தலையை வழித்துச் சீவிக்கொண்டு, பெயர் சொன்னதும் கும்பிடுவதற்காக ஓரடி முன்னால் வந்து நின்றிருந்தார்.

நான் அம்மாவின் பெயரைச் சொன்னேன். வெள்ளிமலை மாணவிகள் என்றேன். பிறகு தாளில் இல்லாத ஒன்றைச் சொன்னேன்: "மற்றும் பின்னணி இசைக் குழுவினர்."

அவ்வளவுதான். ஆறு பேரையும் மூன்று சொல்லில் முடித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். பாதி குவிந்த கையோடு நின்றிருந்த மாஸ்டர், அந்தக் கையாலேயே கோட்டின் பொத்தானைச் சரிசெய்துகொண்டு பின்னால் போய் நின்றார்.

பிறகு வாசித்தார். ஒத்திகையில் ஒருநாளும் அப்படி வாசித்ததில்லை. அந்த இரண்டாவது ஹாரனுக்கு மண்டபமே சிரித்துக் கைதட்டியது. அந்தப் பெண்கள் கடைசி வளைவில் குரலை ஏற்றியபோது முன்வரிசைப் பெரியவர்களெல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். அம்மாவுக்குப் பொன்னாடை போட்டார்கள். அம்மா மைக்கைக் கேட்டுக் கை நீட்டியது எனக்குத் தெரிந்தது. அதற்குள் அது தலைமை விருந்தினர் கைக்குப் போய்விட்டது. அவர் முடிக்கும்போது அடுத்த பள்ளிப் பிள்ளைகள் மேடையேறியிருந்தார்கள்.

வெளியே பேண்டுக்காரர்கள் டிரம்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டரின் மனைவி புதுப்புடவையில் நின்றிருந்தார். அவர்தான் கேட்டார்.

"இன்னா டீச்சர், உங்க பேரு மட்டும் இருந்தா போதும்னு எழுதிட்டீங்களா?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அவருக்குப் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டேன்.

"எழுதறப்ப வுட்டுட்டேங்க. தப்பு என்னுதுதான்," என்றார் அம்மா. போர்த்தியிருந்த பொன்னாடையை எடுத்து நீட்டினார்.

"அது உங்களுக்குப் போட்டதுங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு மாஸ்டர் வண்டியில் ஏறினார். குரலில் கோபமே இல்லை.

அடுத்த ஞாயிறு அவர்கள் வரவில்லை. அம்மா போன் செய்தார். முகூர்த்த நாள் என்றார் மாஸ்டர். ஆடி மாதத்திலும் முகூர்த்த நாள் என்றார். மார்கழியில் போனை எடுக்கவே இல்லை. அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுவதைப் பற்றி அம்மா ஒரு புதுப் பாட்டு ஆரம்பித்திருந்தார். அதில் டிரம்பெட்டுக்காக விட்டிருந்த இடத்தில் வேறு எதையெதையோ போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். மலைப்பெண்கள் மட்டும் பாடுவதுபோல் சிலவற்றை எழுதினார். அவையும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அவற்றுக்காக அவர் சாப்பிட மறந்து நான் பார்க்கவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் இதை அம்மாவிடம் கேட்க வாய் வந்தது. நான்தான் செய்தேன் என்று ஏன் மாஸ்டரிடம் சொல்லவில்லை என்றேன்.

"சொல்லியிருந்தா மறு வாரமே வந்திருப்பாரு," என்றார் அம்மா. "கொழந்த தெரியாம பண்ணிச்சின்னு விட்டிருப்பாரு. ஆனா நீ தெரியாம பண்ணலியே. வந்து போயிட்டிருந்தா ஒருநாள் உன் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருப்பாரு. அது அவருக்குத் தெரிய வேணாம்னு பாத்தேன்."

அவர் காப்பாற்ற நினைத்தது என்னை மட்டுமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு, கள்ளக்குறிச்சியிலிருந்து திரும்பும் பஸ்ஸில், பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா வழிநெடுக அதை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அடிக்காமல் விட்டாரே என்று நான் ஜன்னலோர சீட்டில் நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.