தராசக்கா வாங்கிய மூன்று வேளைச் சாப்பாடு

லாரிக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் தராசக்கா. கல்லும் மணலும் ஏற்றுகிற வண்டிகள் நெடுஞ்சாலையைப் பிடிக்கும் இடத்தில் ஓர் எடை மேடை இருக்கிறது. அதன் பக்கத்துக் கண்ணாடி அறையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். வெறும் வண்டி வரும், எடை போடுவாள். சரக்கேற்றிக்கொண்டு திரும்பி வரும், மறுபடியும் எடை போடுவாள். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. வேறு எந்தக் கதையும் அவளிடம் எடுபடாது. மணலில் தண்ணீரை அடித்து எடையைக் கூட்டிக்கொண்டு வருகிற கில்லாடிகளை, வண்டி மேடையில் ஏறுவதற்கு முன்பே மோப்பம் பிடித்துவிடுவாள். "தம்பி, வண்டில தண்ணி சொட்டுது. ஓரமா நிறுத்தி வடியவிட்டுட்டு வா" என்பாள் மைக்கில். அதற்குமேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். மீசையை முறுக்கிக்கொண்டு வந்தவன்கூட வாயை மூடிக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுப்பான்.

இத்தனை பேரை மடக்குகிறவள், வீட்டில் ஏழு வயதுப் பெண்ணிடம் தினமும் மூன்று வேளை தோற்றுக்கொண்டிருந்தாள்.

பெண்ணுக்குக் கொசுறு என்று செல்லப் பெயர் வைத்தது அப்பாதான். வீடு வீடாகப் போய் வயரிங் வேலை செய்கிற எலக்ட்ரீஷியன் அவர். பிறந்த அன்று கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கடைக்காரர் கொசுறா போட்ட மாதிரி இத்துனூண்டு இருக்கு" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. சாப்பாடும் அந்த அளவில்தான். இரண்டு வாய் உள்ளே போகும், மூன்றாவது வாய் கன்னத்தில் ஒதுங்கிக்கொள்ளும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அங்கேயே இருக்கும். டாக்டர், "நல்லா ஓடறா, நல்லா தூங்கறா, உடம்பு வாகு அப்படி, விடுங்க" என்று சொல்லியாகிவிட்டது. பெற்றவளுக்கு மனசு கேட்குமா? தட்டைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகத் துரத்துவாள். கெஞ்சுவாள், மிரட்டுவாள். கடைசியில் மிச்சத்தை நின்றபடியே தன் வாயில் போட்டுக்கொண்டு தட்டைக் கழுவி வைப்பாள்.

அவளை அரித்துக்கொண்டிருந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஏழு வருடத்தில் அந்தப் பிள்ளை ஒரு தடவைகூட "பசிக்குது" என்று சொன்னதில்லை. ஒரே ஒரு தடவைகூட இல்லை! பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிக்கூட வேனை விட்டு இறங்கும்போதே "அம்மா, பசி" என்று கத்திக்கொண்டு ஓடுவான். அதைக் கேட்கிறபோதெல்லாம் தராசக்காவுக்கு வயிறு எரியும். பொறாமைதான், வேறென்ன?

அந்த வருடம் முதல்முறையாக மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தது. கடற்கரை ரிசார்ட் ஒன்றில் அறை போடுவதென்று முடிவாகி, புருஷனும் பெண்டாட்டியும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தங்க மட்டும் ஒரு விலை, காலைச் சாப்பாட்டோடு ஒரு விலை, மூன்று வேளையும் சேர்த்து ஒரு விலை. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அரை ஆள் கணக்கு.

"காலைச் சாப்பாடு மட்டும் போதும்மா. இவ சாப்பிடறதுக்கு அரை ஆள் கணக்கா? நம்ம தட்டுலேருந்து ரெண்டு வாய் எடுத்துக் குடுத்தா முடிஞ்சுது."

"மூணு வேளையும் போடுங்க."

"ஏம்மா, காசு முளைக்குதா?"

"போடுங்கன்னா போடுங்க. அம்பது வகை கண்ணு முன்னாடி இருந்தா எந்தப் பிள்ளைக்கும் ஆசை வரும். மூணே நாள். அவ வாயால பசிக்குதுன்னு சொல்ல வைக்கிறேனா இல்லையா பாருங்க!"

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா இனிமே தட்டத் தூக்கிட்டு அவ பின்னாடி ஓடமாட்டேன். போதுமா?"

உடனே அவர் மூன்று வேளைக்கும் பணம் கட்டினார்.

போய் இறங்கிய அன்று மதியமே களத்தில் குதித்துவிட்டாள் தராசக்கா. மணிக்கட்டில் நீலப் பட்டையைக் கட்டிவிட்டார்கள். அது இருந்தால் சாப்பாட்டுக் கூடத்தில் எதை வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே நுழைந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரைக்கும் மூடி போட்ட பாத்திரங்கள்! முதலில் வெறும் கையோடு ஒரு சுற்று. எந்த மூடிக்கு அடியில் என்ன இருக்கிறது, எது வீட்டில் செய்ய முடியாதது, எது விலை கூடினது என்று பார்த்து வைத்துக்கொண்டாள். "ரொட்டிய எடுத்து வயித்துல எடத்த அடைக்காதீங்க" என்று புருஷனை அதட்டினாள். "தண்ணிய இப்பவே குடிக்காத, கண்ணு" என்று மகளிடம் குழைந்தாள். பிறகு ஒரு தட்டில் மீனும் கோழியும் நூடுல்ஸும், இன்னொரு தட்டில் பழமும் கேக்கும் குவித்துக்கொண்டு வந்து பிள்ளை முன்னால் வைத்தாள்.

கொசுறு நாலு துண்டு வெள்ளரிக்காய் சாப்பிட்டாள். கேக்கின் மேலிருந்த செர்ரிப் பழத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அங்கேயே வைத்தாள்.

"அவ்வளவுதாம்மா."

"அவ்வளவுதானா? அடிப் பாவி, ஒரு வாயாவது கோழி..."

"போதும்மா."

மிச்சம் இரண்டு தட்டும் யார் தலையில்? அவள் தலையில்தான். பிள்ளையின் எச்சிலைக் கொட்ட மனசு வராமல் ஆறிப்போன நூடுல்ஸை விழுங்கினாள். தனக்கென்று பார்த்து வைத்திருந்த வறுத்த இறாலை எடுக்கப் போனபோது அந்தப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

கூடத்தின் பின்வாசல் வழியாக அறைக்குத் திரும்பும்போதுதான் அதைப் பார்த்தாள். சமையலறைக்குச் சாமான் இறக்குகிற இடத்தில், தரையோடு தரையாக ஓர் எடை மேடை! நூற்றைம்பது கிலோவரை போடுகிற சின்ன மேடைதான். ஸ்டோர்காரர் ஒருவர் வெங்காய மூட்டையை நிறுத்துக்கொண்டிருந்தார். தராசக்காவின் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"அண்ணே, உங்க மேடை இடது பக்கம் சாயுது. மூட்டைக்கு நூறு கிராமாவது தப்பாக் காட்டும்."

ஸ்டோர்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவள் அதற்குள் மண்டிபோட்டு, கிழிந்த அட்டை ஒன்றை மடித்து ஒரு காலுக்கு அடியில் செருகிவிட்டாள். மறுபடி நிறுத்தால் நூற்றுப்பத்து கிராம் வித்தியாசம்!

"யாரும்மா நீங்க?" என்றார் அவர், வாயெல்லாம் பல்லாக. இரண்டு நிமிடத்தில் இருவரும் ஒரே தொழில்காரர்களாகிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாவது நிமிடம் கொசுறு மேடைமேல் நின்றாள். பதினாறு கிலோ நானூறு.

"வெறும் வண்டி" என்றாள் தராசக்கா திருப்தியாக. "இனிமே ஒவ்வொரு வேளைக்கும் வர்றோம், அண்ணே."

புருஷன் தலையில் அடித்துக்கொண்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் எடை போட்டார்கள். ஐம்பது கிராம் குறைந்திருந்தது! செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியிருக்கிறாள் பிள்ளை. மறுநாள் காலை முட்டை, அப்பம், ஐந்து வகைப் பழச்சாறு என்று எல்லாவற்றையும் காட்டி, கடைசியில் அரைக் கிண்ணம் பாலை உள்ளே தள்ளியபிறகு மறுபடி பதினாறு நானூறு. தராசக்கா அசரவில்லை. "மதியம் பாருங்க! இன்னிக்கு மதியம் ஐஸ்கிரீம் வைக்கிறாங்களாம்" என்றாள்.

ஆனால் அன்று காலை பத்து மணிக்கு அப்பா மகளை நீச்சல் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். முதலில் படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தாள் கொசுறு. அப்புறம் இடுப்பளவு. அப்புறம் அப்பா கையை விட்டுவிட்டு இரண்டு முழம் தானாகவே போனாள். பிறகு யார் பிடிக்க முடியும்? "அப்பா, இங்க பாரு! அப்பா, இன்னொரு தடவை!" கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தராசக்காவுக்கே சந்தோஷம் தாங்கவில்லை. கை தட்டினாள், விசில் அடிக்கப் பார்த்தாள், வராமல் போகவே கூவினாள். அந்தக் குதியாட்டத்தில் மணி பார்க்க மறந்தது அவள் தப்புதான்.

பார்த்தபோது இரண்டு பத்து. கூடத்தை இரண்டரைக்கு மூடிவிடுவார்கள். "ஐயையோ, சாப்பாடு!" என்று பிள்ளையைத் தண்ணீரிலிருந்து அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே புருஷன். குறுக்குவழி பின்வாசல்தான். அங்கே எடை மேடையைப் பார்த்ததும் பழக்கதோஷம் விடுமா? சாப்பாட்டுக்கு முன்னால் ஓர் எடை போட்டால்தானே அப்புறம் வித்தியாசம் தெரியும்? தூக்கி நிறுத்தினாள்.

பதினாறு கிலோ எழுநூற்றைம்பது.

எண்ணை இரண்டு தடவை படித்தாள். பிறகு போட்டாளே ஒரு சத்தம்! "முந்நூத்தம்பது கிராம்! அண்ணே, ஓடி வாங்க! ஏங்க, பாருங்க, முந்நூத்தம்பது ஏறியிருக்கா! நான் சொன்னேன்ல? அந்தப் பால்தான்! பால் வேலை செஞ்சிருக்கு!" ஸ்டோர்காரர் வந்தார். பாத்திரம் கழுவுகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தராசக்கா மகளின் இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவளுக்கு.

புருஷன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் மெதுவாக, மைக்கில் பேசுகிற குரலில் சொன்னார்: "தராசக்கா, வண்டில தண்ணி சொட்டுது. ஓரமா நிறுத்தி வடியவிட்டுட்டு வாங்க."

அவள் குனிந்து பார்த்தாள். கொசுறின் பருத்திச் சட்டையிலிருந்தும் டவுசரிலிருந்தும் பின்னலிலிருந்தும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக மேடைமேல் விழுந்துகொண்டிருந்தது.

பதினோரு வருடம்! எத்தனை ஈர மணல் வண்டியைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஸ்டோர்காரர் சிரிப்பை அடக்க வெங்காய மூட்டைக்குப் பின்னால் போய்விட்டார். "சிரிங்க, நல்லா சிரிங்க" என்று கத்திவிட்டு, அறைக்கு ஓடி உலர்ந்த துணி எடுத்துவந்து, மகளைத் துவட்டி, உடுப்பை மாற்றித் திரும்பவும் நிறுத்தினாள். தொழிலில் நேர்மை வேண்டுமே. பதினாறு கிலோ முந்நூறு. நேற்றைவிட நூறு கிராம் குறைவு.

கூடத்துக் கதவை எட்டியபோது உள்பக்கமிருந்து பூட்டிக்கொண்டிருந்தார்கள். பணியாள் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கடிகாரத்தைக் காட்டி, கையைக் குவித்து மன்னிப்புக் கேட்டான். இனி ராத்திரி ஏழு மணிக்குத்தான். மூன்று பேருடைய மதியச் சாப்பாடு போனது போனதுதான். தராசக்கா வாசல் படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அத்தனை வகையும், ஐஸ்கிரீமும், அவள் போட்ட சவாலும் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதாகத் தோன்றியது.

"விடும்மா" என்றார் புருஷன். "நல்லா வெளையாடினா இல்ல, அது போதாதா?"

"நீங்க பேசாதீங்க."

அப்போது கொசுறு அவள் முட்டியைச் சுரண்டினாள்.

"அம்மா."

"என்னடி?"

"பசிக்குதும்மா."

தராசக்கா திரும்பிப் பார்த்தாள். "என்ன சொன்ன?"

"பசிக்குது. வயித்துக்குள்ள என்னமோ கத்துது."

"இன்னொரு தடவை சொல்லு!"

"பசிக்குது, பசிக்குது, பசிக்குது!" பிள்ளை அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். "ஏம்மா சிரிக்கிற? நெசமாத்தான் சொல்றேன்!"

தராசக்கா எழுந்த வேகத்தில் ஒரு செருப்பு படியிலேயே நின்றுவிட்டது. மூடின கதவாவது, நீலப் பட்டையாவது! குளத்தோரத்தில் ஒரு கடை உண்டு. முட்டையை உடைத்து ஊற்றி ரொட்டியோடு பொரித்துத் தருகிற இடம். எந்தச் சாப்பாட்டுத் திட்டத்திலும் சேராத, விலையைப் பார்த்தாலே மயக்கம் வருகிற கடை. நேற்று அதைத் தாண்டிப் போகும்போது, "கொள்ளைக்காரன்" என்று முணுமுணுத்தவள் இவள்தான். இன்றைக்கு விலைப்பலகையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "சீக்கிரம் போடுப்பா, எம்பொண்ணுக்குப் பசிக்குது!" என்று குளத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கக் கத்தினாள். சொல்ல எவ்வளவு இனிப்பாக இருந்தது! "ஒண்ணு போதாது, ரெண்டு போடு. பசிக்குதாம்!" என்று இரண்டாவது தடவையும் சொல்லிக்கொண்டாள்.

கொசுறு நாற்காலியில் மண்டிபோட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தாள். ஊதி ஊதிக் கடித்தாள். கன்னத்தில் ஒரு வாய்கூட ஒதுங்கவில்லை. முதல் ரொட்டி போனது. இரண்டாவதில் பாதி போனது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடியே நின்றார். தராசக்கா மேசை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள், பழக்கப்படி, மிச்சம் வைக்கும் ஓரங்களை எடுத்துக்கொள்ளக் கையைத் தயாராக வைத்துக்கொண்டு.

மிச்சம் வைக்கவில்லை பிள்ளை. ஓரத்தையும் தின்றாள். விரலால் தட்டைத் துடைத்து நக்கினாள். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"நீ சாப்பிடலையாம்மா?"

"நான் அப்புறம் சாப்பிடறேன், கண்ணு."

"நீ எப்பவுமே அப்புறம்தான். நான் வேணாம்னு வச்சதத்தான் திம்ப." கொசுறு வாயைத் துடைத்துக்கொண்டு, ஏதோ ரொம்ப நாளாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததைக் கேட்கிற மாதிரி கேட்டாள்: "உனக்குப் பசிக்கவே பசிக்காதாம்மா?"

தராசக்கா நீட்டியிருந்த கையை இழுத்துக்கொண்டாள். இந்த ஏழு வருடத்தில் அந்த வார்த்தையைத் தன் வாயிலிருந்து இவள் ஒரு தடவையாவது கேட்டிருப்பாளா? யோசித்துப் பார்த்தாள். கேட்டிருக்க வழியே இல்லை. நேற்று மதியத்திலிருந்து, ஐம்பது வகைக்கு நடுவில், அவள் தனக்கென்று ஒரு தட்டு எடுத்துக்கொள்ளவில்லை. புருஷன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் உட்கார்ந்தாள்.

"பசிக்குதுடி" என்றாள். "ரொம்பப் பசிக்குது."

கொசுறு நாற்காலியிலிருந்து குதித்து இறங்கிக் கடையை நோக்கி ஓடினாள். கடைப் பலகைக்கு மேலே அவள் தலை தெரியவில்லை, குரல்தான் கேட்டது. "அண்ணா, எங்கம்மாவுக்குப் பசிக்குது! சூடா ரெண்டு போடுங்க. எனக்கும் ஒண்ணு!"