சுவர் பார்த்த அரிவாள்மனை

சலோமியிடம் மீன் வெட்டக் கொடுத்தவர்களில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது. குனிந்த தலையும் செதில் ஒட்டிய முழங்கையும்தான் தெரியும். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், பேச்சை அதற்கும் முன்னாலேயே விட்டிருப்பாள் என்று மீன் கொட்டகையில் கேலி பேசுவார்கள். திருப்பூருக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட வருடம், காரைக்காலிலிருந்து பூவம் போகிற சாலையோரத்து அந்தக் கொட்டகைக்கு ஓர் அரிவாள்மனையோடு வந்தாள். குழாயடியில் உட்கார்ந்தாள். பதினொரு வருடம் ஆகிவிட்டது.

குழாயடி என்பது சும்மா கிடைக்கிற இடமில்லை. தண்ணீர் கைக்கெட்டினால் மீன் வெட்டுகிறவளுக்கு ஒரு நாளைக்கு இருபது கிலோ கூடுதலாகப் போகும். தள்ளி உட்கார்ந்தால் குடம் தூக்கியே இடுப்பு விட்டுப்போகும். அந்த இடத்தைக் கொடுத்தவள் மாரிக்கண்ணு. கோட்டுச்சேரிமேட்டுக்காரி, மீன் விற்பவர்களில் பெரிய கை. யார் எங்கே உட்காருவது என்பது அவள் வாயிலிருந்துதான் வரவேண்டும். கொடுத்ததை அவள் ஒருநாளும் மறக்கவிட்டதில்லை. "எம் புண்ணியத்துல கஞ்சி குடிக்கிறா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம், சலோமி காதில் விழும்படியே சொல்வாள்.

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்தத் தடைக்காலத்திலும் கொட்டகையில் கொடுவா மீனுக்குப் பஞ்சம் இருக்காது. கேட்டால் நாட்டுப்படகில் பட்டது என்பார்கள். உண்மையில் அது பக்கத்துப் பண்ணைக் குளங்களில் தீவனம் போட்டு வளர்த்த மீன். தெட்சிணாமூர்த்தி என்ற ஏஜெண்டு விடிகாலையில் குளத்தை வலை போட்டு அள்ளுவார். ஐஸ் பெட்டிகளில் அடுக்கிப் பெரும்பகுதியை வெளியூருக்கு லாரி ஏற்றுவார். மிச்சம் மினி ஆட்டோவில் கொட்டகைக்கு வரும். குளத்திலிருந்து கொட்டகைக்கு வருகிற ஏழு கிலோமீட்டரில் அது கடல் மீனாகிவிடும். குளத்து மீன் என்று சொன்னால் இந்த ஊரில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். கடல் மீன் என்றால் கேட்ட விலையைக் கொடுப்பார்கள்.

செவுளையும் கண்ணையும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. வயிற்றைத் திறந்தால் தெரிந்துவிடும். கடல் கொடுவா வயிற்றில் இறாலோ பொடிமீனோ கிடக்கும். பண்ணைக் கொடுவா வயிற்றில் வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு படிந்திருக்கும். அதனால் தடைக்காலம் தொடங்கிய அன்றைக்கே கொட்டகையில் அரிவாள்மனைகள் எல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிவிடும். வெட்டுகிறவர்கள் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார்கள். ஏன் என்று கேட்டால், வெயில் கண்ணில் அடிக்கிறது என்பது பதில். குடலையும் கொழுப்பையும் ஒரே இழுப்பில் உருவி வாளிக்குள் விடுவதில் சலோமியை மிஞ்ச ஆளில்லை. மாரிக்கண்ணுவின் பொய்க்குப் பதினொரு வருடம் அவள் முதுகுதான் கதவாக இருந்தது.

இந்த வருடம் தடை முடியப் பத்து நாள் இருக்கும்போது, மாரிக்கண்ணு பக்கத்துக் கடைக்காரியிடம், குழாயடிவரை கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"படவு எறங்குனதும் எம் மருமவள கொழாயடில ஒக்கார வைக்கப்போறேன். இத அந்தக் கோடிக்குத் தள்ளிட வேண்டியதுதான், குப்பக்குழிப் பக்கம். வாயில்லாதது. எங்க தூக்கிப் போட்டாலும் கெடக்கும்."

சலோமி அன்று சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றாள்.

"யக்கா, கொழாயடிய மருமவளுக்குக் குடுக்கப் போறீங்களாமே."

"ஆமா. இப்ப என்னாங்குற?"

"பதினோரு வருசம் ஒக்காந்துட்டங்க்கா."

"ஓசியிலதான ஒக்காந்த? ஒங்க மாதா வந்து பட்டா போட்டுக் குடுத்துச்சா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சலோமி வீட்டுக்குப் போனாள். இரவெல்லாம் அந்தச் சிரிப்பில் யார் யார் குரல் இருந்தது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

மறுநாள் காலை காதர் பாட்சா வந்தார். காரைக்காலில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், வருடக்கணக்காக மாரிக்கண்ணுவிடம்தான் மீன் வாங்குவார். மகளுக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று இரண்டு பெரிய கொடுவாவாகப் பார்த்து எடுத்தார்.

"நேத்து ராத்திரி பட்டது பாய். உப்புத்தண்ணி இன்னும் காயல பாருங்க" என்றாள் மாரிக்கண்ணு.

மீன் சலோமி கைக்கு வந்தது. தொட்டவுடனே தெரிந்துவிட்டது. வயிறு கெட்டியாகப் புடைத்திருந்தது. வலை போடுவதற்கு முந்தின நாளே தீவனத்தை நிறுத்திவிட வேண்டும்; வயிறு காலியாக இருந்தால்தான் மீன் கெடாமல் போய்ச்சேரும். யாரோ எடை கூடட்டும் என்று கடைசி வேளைவரை தின்னக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் எழுந்தாள். அரிவாள்மனையைத் தரையோடு இழுத்துத் திருப்பிப் போட்டாள். காதர் பாட்சாவுக்கு எதிர்முகமாக உட்கார்ந்தாள்.

"அடியே, திரும்பி ஒக்காரு. கண்ணுல வெயிலு அடிக்கும்" என்றாள் மாரிக்கண்ணு.

"அடிக்கட்டுங்க்கா."

வயிறு பிளந்தது. ஊறிப் பெருத்த பழுப்பு உருண்டைகள் கைப்பிடியளவு பலகையில் கொட்டின. காதர் பாட்சா குனிந்தார்.

"என்னம்மா இது? கோழித் தீவனமாட்டம் இருக்கு?"

"கடல்ல கண்டதையும் முழுங்கும் பாய். அதுக்கென்ன தெரியும்?" என்றாள் மாரிக்கண்ணு.

"கடலுக்குள்ள எவன் தீவனக்கடை வச்சிருக்கான்? நீ சும்மா இரு. ஏம்மா, ஒன்னத்தான் கேக்குறேன். என்ன மீனு இது?"

கொட்டகையே சலோமியைப் பார்த்தது. அவள் காதர் பாட்சாவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"பண்ணை மீனு பாய். தீவனம் போட்டு வளத்தது. கெட்டதுல்ல, நல்ல மீனுதான். கடல்ல பட்டதில்ல, அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு யார் பேசியது யாருக்குக் கேட்டது? மீன் பையோடு வாசலைத் தாண்டியவர்கள் திரும்பி வந்தார்கள். மாரிக்கண்ணு குடல் வாளியை எட்டி உதைத்தாள். அரிவாள்மனையைத் தூக்கிச் சாலையில் எறிந்தாள். "கொழாயடி போவுதுங்குற ஆத்தரத்துல உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணுற நாயே, இனிமே இந்தக் கொட்டகையில காலு வச்ச, வெட்டிப்புடுவேன்!" என்று கத்தினாள். முந்தின நாள் சிரித்தவர்கள் இப்போது காறித் துப்பினார்கள்.

காதர் பாட்சா பாதி விலை பேசி அதே மீனைத்தான் வாங்கிக்கொண்டார். விருந்தாளிகள் வந்துவிடுவார்கள், வேறு வழியில்லை. போகும்போது சலோமியிடம் நின்றார். அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லுவார் என்று அவள் நினைத்தாள்.

"பதினோரு வருசமா நீயும் சேந்துதான என்னய ஏமாத்துன? ஒன் எடம் போவுதுன்னதும்தான் ஒனக்கு வாய் வருதா?"

அது உண்மை. அதனால்தான் மற்ற எல்லா ஏச்சையும்விட அது அவளுக்குள் ஆழமாகப் போனது.

இரண்டு நாள் வீட்டில் கிடந்தாள். மூன்றாம் நாள் விடியும்போது பண்ணைக்கு நடந்தாள். குளக்கரையில் தெட்சிணாமூர்த்தி மீன் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு பெட்டி குடுங்க. பண்ணை மீனுன்னே சொல்லி விக்கிறேன்."

"அடேங்கப்பா! சொல்லியே விப்பியா?" அவர் ஆட்களைப் பார்த்துச் சிரித்தார். "நீ வாயத் தொறந்ததுல கொட்டகையில எம் மீன எவளும் எடுக்க மாட்டங்குறா. ஒனக்கு ஒரு செதிலு கூடக் கெடையாது. நடையக் கட்டு."

அவள் நடையைக் கட்டவில்லை. அங்கேயே நின்று பார்த்தாள். அரைக்கிலோவுக்குக் குறைந்த மீன்களை ஆட்கள் தனியாக ஒரு மூலையில் வீசிக்கொண்டிருந்தார்கள். லாரிக்காரர்கள் அதை ஏற்றுவதில்லை. குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த சோமு அந்தக் குவியல் பக்கத்தில் கடுகடுவென்று நின்றார்.

"அது எங்கங்க போவும்?" என்று அவரிடம் கேட்டாள்.

"கருவாட்டுக்கு. அடிமாட்டு வெலைக்கு இந்த ஏஜெண்டுதான் எடுப்பாரு. கடைசி நாளு வரைக்கும் தீவனம் போடுன்னதும் இவருதான், இப்ப மீனு சீக்கிரம் கெடுதுன்னு வெலையக் கொறைக்கிறதும் இவருதான்."

"அத எனக்குக் குடுங்க. அவரு குடுக்குறதுக்கு மேல தரேன்."

தெட்சிணாமூர்த்தி தராசை விட்டுவிட்டு வந்தார். "யோவ் சோமு, அவளுக்குக் குடுத்தீன்னா அடுத்த அள்ளுக்கு நான் வரமாட்டேன்."

"வராட்டிப் போங்க. சில்லறை மீனு எம் மீனு. அதையும் ஒங்களக் கேட்டுத்தான் விக்கணுமா?" என்றார் சோமு. அது சலோமி மேல் இரக்கப்பட்டுச் சொன்னதில்லை. அவள் பக்கம் திரும்பி, "நாளைக்கும் வந்து எடுக்கணும், பாத்துக்க. நடுவுல நின்னுட்டீன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்றார்.

கொட்டகைக்கு எதிர்ச்சாரியில், மூடிக்கிடந்த பஞ்சர் கடை முன்னால் அவள் சாக்கை விரித்தாள். குழாய் இல்லை. சாலையைக் கடந்து தெருவுக்குள் போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். கூவவேண்டும். முதல் நாள் குரல் பாதியில் அடங்கிப்போனது. கேட்டவர்களிடம் பண்ணை மீன் என்றாள், கேட்டவர்கள் நகர்ந்தார்கள். ஏழு மீன்தான் போயிற்று. மிச்சத்தைத் தானே கீறி உப்புப் போட்டாள். இரண்டாம் நாள் பதினாறு போயிற்று. எதிரே குழாயடியில், படகு இறங்கும்வரைகூடப் பொறுக்காமல், மாரிக்கண்ணுவின் மருமகள் உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் காலை மாரிக்கண்ணு சாலையைத் தாண்டி வந்தாள்.

"இங்க ஒக்கார ஒனக்கு யாரு எடம் குடுத்தா?"

"யாரும் குடுக்கலங்க்கா."

"நாளன்னைக்குப் படவு எறங்குது. அப்பறம் ஒந் தீவன மீன நாயி மோந்து பாக்காது."

சலோமி மீன்களின் மேல் தண்ணீர் தெளித்தாள். மாரிக்கண்ணு சாக்கிலிருந்து ஒரு மீனை எடுத்து வயிற்றை அழுத்திப் பார்த்தாள். அவள் விரல் உள்ளே அமுங்கியது.

"ஒன்னுமில்லாம கெடக்கு?"

"முந்தாநாளே சோமுகிட்ட தீவனத்த நிறுத்தச் சொல்லிட்டேன். இல்லாட்டி எடுக்கமாட்டன்னுட்டேன்."

"இவ சொல்றாளாம், அவன் நிறுத்துறானாம்!" மாரிக்கண்ணு மீனைச் சாக்கில் விட்டெறிந்தாள். "அரைக்கிலோ தேறாது. இத எவடி வாங்குவா?"

கொத்து வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள் சாந்துச் சட்டியோடு பின்னால் காத்து நின்றார்கள். அதில் ஒருத்தி முன்னால் வந்தாள்.

"நாங்கதான் வாங்குவோம். ரெண்டு கிலோ மீன வாங்கி யாரு வீட்டு விருந்துக்கு வைக்கப்போறோம்? கொஞ்சம் நவுருங்க யக்கா, வேலைக்கு நேரமாவுது."