மணத்தக்காளித் தட்டுகள்

பத்து வயதில் எனக்கு மாதம் ஒருமுறையாவது வாய்ப்புண் வந்துவிடும். உதட்டின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு புள்ளி கிளம்பும். மறுநாள் அது இரண்டாகும். மூன்றாம் நாள் இட்லியைக்கூடச் சட்னி தொடாமல் அழுதுகொண்டே விழுங்குவேன். அம்மா மணத்தக்காளிக் கீரையைச் சிறுபருப்போடு வேகவைத்து, தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுப்பாள். கசக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவேன். இலை கசந்தாலும் அதே செடியின் பழம் இனிக்கும் என்று எனக்குக் காட்டிக் கொடுத்தவள் சித்தி. பாவம், காட்டிக் கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. வேதியியலில் எம்.எஸ்சி. முடித்திருந்தாள். எம்.ஃபில். படிப்பதற்காகக் கன்னிவாடியிலிருந்து திண்டுக்கல்லுக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினாள். தொண்ணூறுகளின் நடுவில் அவ்வளவு படித்த பெண் எங்கள் சொந்தத்தில் வேறு யாரும் இல்லை. தாத்தாவுக்கு அதில் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது. நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்து காத்துக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றபடியே தாத்தா தன் தீர்ப்பைச் சொன்னார். ஒரு வருடம் அவகாசம். அதற்குள் முடித்தால் மேற்கொண்டு டாக்டர் பட்டத்துக்குப் படிக்கலாம், மாப்பிள்ளை வீட்டுக்கு அவரே போய்ப் பதில் சொல்லிக்கொள்வார். முடிக்காவிட்டால் மறுபேச்சுப் பேசாமல் கழுத்தை நீட்ட வேண்டும். சித்தி உடனே சரி என்றாள். முடிக்காமல் போவோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது மணத்தக்காளியை. அதைக் கேட்டு அப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். வேதியியல் என்றால் ஏதாவது வெடிக்கும், புகையும் என்று எதிர்பார்த்திருந்தார். வேலியோரத்தில் தானாக முளைக்கிற செடியைப் படிக்கக் கல்லூரி எதற்கு என்று கேட்டார்.

கத்திரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு, சுண்டைக்காய், தூதுவளை, மணத்தக்காளி எல்லாமே ஒரே குடும்பம் என்று சித்தி விளக்கினாள்.

"அப்ப இம்புட்டு நாளா நான் ஒரே குடும்பத்தையா மாத்தி மாத்தி ஆக்கிப் போட்டுக்கிட்டு இருக்கேன்?" என்றாள் அம்மா.

"ஆமாக்கா. அந்தக் குடும்பத்துக்கே கொஞ்சம் வெசம் உண்டு. மணத்தக்காளி பச்சைக் காயில சொலனின்னு ஒன்னு இருக்கு. வெதை முத்துறதுக்குள்ள யாரும் தின்னுறக் கூடாதுன்னு செடி போட்டு வைக்கிற காவல் அது. பழுத்ததும் காவலை எடுத்துரும். அப்பத்தான குருவி தின்னு வெதையைக் கொண்டு போகும்? எப்ப எடுக்குது, எம்புட்டு எடுக்குதுன்னு அளக்கப் போறேன்."

"பச்சைக் காயத்தானே மோருல ஊறப்போட்டு வத்தல் போடுறோம்? நீ அளந்து சொல்ற வரைக்கும் கொழம்பு வைக்கலாமா கூடாதா?"

சித்திக்குச் சிரிப்பு வந்தது. மோரில் ஊறினால் அந்த விஷம் எங்கே போகிறது என்பதைத்தான் அடுத்த படிப்புக்கு வைத்திருக்கிறேன் என்றாள். அடுத்த படிப்பு என்று சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மொட்டை மாடியில் காலி பெயிண்ட் டப்பாக்களில் முப்பது செடிகள் வளர்ந்தன. எல்லாம் ஒரே செடியின் விதையிலிருந்து முளைத்தவை. காலையில் கல்லூரிக்குப் போகும் முன்பும் சாயங்காலம் வந்ததும் சித்தி மாடியில்தான் இருப்பாள். காற்று திரும்பித் தோல் பதனிடுகிற ஷாப்புகளின் வாடை வீசினால் நாங்கள் எல்லோரும் கீழே ஓடிவிடுவோம். அவள் மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பூக்களை எண்ணுவாள். பூத்த தேதியை எழுதி ஒவ்வொரு கொத்திலும் நூலால் கட்டுவாள். அவள் எழுதிய சீட்டுகளைப் பார்த்து, அந்தச் செடிகளுக்கு அவள் பெயர் வைத்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

எனக்கு வாய்ப்புண் வரும்போது, ஆராய்ச்சியில் சேராத ஓரத்துச் செடியிலிருந்து பத்துப் பழம் பறித்துத் தருவாள். கறுப்பாக, மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். நாக்கில் வைத்து அழுத்தினால் பட்டென்று உடைந்து, புளிப்பும் இனிப்பும் கலந்து வரும். கீரையில் ரிபோஃப்ளேவின் என்று ஒரு வைட்டமின் இருக்கிறது, அது குறைந்தாலும் வாய் புண்ணாகும், ஆகவே பழத்தோடு கீரையையும் தின்ன வேண்டும் என்பாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே பத்துப் பழத்தையும் முடித்துவிட்டு, பதினொன்றாவதற்குக் கை நீட்டுவேன். பத்துக்கு மேல் ஒன்றுகூடத் தரமாட்டாள்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் பறிப்பு தொடங்கியது. பச்சைக் காய் மூன்று தட்டு, பாதி பழுத்த செங்காய் மூன்று தட்டு, பழம் மூன்று தட்டு. மாடியில் இருந்த அஸ்பெஸ்டாஸ் அறையில் அவற்றை நிழலில் காயப் பரப்பி வைத்தாள். எட்டுத் தட்டுகள் பழைய பெஞ்சின் மேல் அடங்கின. இடம் போதாததால் பழத்தட்டு ஒன்று மட்டும் பீரோவின் தலைக்கு ஏறியது. காய்ந்த பிறகு எடை போட்டு, இடித்துப் பொடியாக்கி, கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போக வேண்டும்.

"பாப்பா, இந்த ரூமுக்குள்ள மட்டும் வராத. வேற எங்க வேணா வெளையாடு" என்றாள்.

அதற்கு முன்பு அந்த அறைக்குள் போக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

பாதி காய்ந்த மணத்தக்காளிப் பழத்துக்கு உலர்ந்த திராட்சையின் ருசி உண்டு. முதல் நாள் இரண்டே இரண்டு எடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சித்தி கல்லூரியிலிருந்து திரும்புவதற்குள் ஒரு மணி நேரம் கிடைக்கும். அம்மா அந்த நேரத்தில் கீழே துணி மடித்துக்கொண்டிருப்பாள். இரண்டு நான்காகி, நான்கு ஒரு பிடியாகி, ஒரு வாரத்தில் பெஞ்சின் மேல் இருந்த இரண்டு பழத்தட்டுகளிலும் நடுவில் தட்டு தெரிய ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். காய்ந்து சுருங்கிய பிறகு பச்சைக் காயும் பழமும் ஏறக்குறைய ஒரே கறுப்பு. பக்கத்துத் தட்டுகளிலிருந்து பச்சைக் காய்களை அள்ளினேன். மூன்று தட்டுகளிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக, எதிலும் குறை தெரியாதபடி எடுத்து, பழத்தட்டுகளில் போட்டு விரலால் கலந்து பரப்பிவிட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு படியிறங்கினேன். பிறகு தைரியம் வந்துவிட்டது. தின்பதும் நிரப்புவதுமாக இன்னும் சில நாட்கள் போயின.

சித்தி எதையும் கண்டுபிடிக்கவில்லை. காய்ந்தால் அளவு குறையத்தான் செய்யும் என்பதால் தட்டுகள் இளைத்துப் போனது அவளை உறுத்தவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் கல்லூரியிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் முன்னறையில் உட்கார்ந்துவிட்டாள். மடியில் கட்டம் போட்ட தாள் இருந்தது. அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னடி ஆச்சு என்றாள்.

"பழத்துல சொலனின் கொறையணும்க்கா. கொறைய மாட்டேங்குது. ரெண்டு தட்டுல பச்சைக் காய்க்குப் பக்கத்துல வந்து நிக்குது. ஒரே ஒரு தட்டுல மட்டும் நல்லா எறங்கியிருக்கு. ரெண்டு ஒரு மாதிரி வந்தா அந்த ஒன்னுதான் தப்புங்கிறாரு எங்க காலேஜ் சாரு. அதைக் கணக்குலருந்து அடிச்சிட்டேன். ஆனா அதை அடிச்சா உலகத்துல எல்லாரும் சொல்றதுக்கு நேர்மாறா நிக்கிது. எங்கயோ நான்தான் தப்புப் பண்ணியிருக்கேன்."

"திரும்ப அளந்து பாரேன்."

"மூணு வாட்டி அளந்துட்டேன்."

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தட்டு என்ற சொல் வந்ததும் காது அடைத்துக்கொண்டது. ஆனால் யாரும் என் பக்கம் திரும்பவில்லை. தப்பு அவளுடையது என்று அவளே சொல்லிக்கொண்டிருந்ததால், பயம் மெல்ல இறங்கி, எனக்கு ஒருவித நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

பேராசிரியர் முதலிலிருந்து செய்யச் சொல்லிவிட்டார். விதை போட்டு, செடியாகி, பூத்துப் பழுக்க மாதக்கணக்காகும்; தாத்தா கொடுத்த வருடத்துக்குள் முடியாது. தாத்தா கன்னிவாடியிலிருந்து வந்தார். கோபப்படவில்லை. அவளே ஒப்புக்கொண்டதுதானே என்று மட்டும் கேட்டார். சித்தி ஆமாம் என்றாள். நாற்பது நாள் தபசு காலம் முடிந்து, ஈஸ்டர் கழிந்து கல்யாணம் என்று முடிவாயிற்று.

அந்தக் கல்யாணத்தில் என்னைப் போலச் சந்தோஷப்பட்டவர்கள் யாரும் இருக்க முடியாது. ரோஸ் நிறத்தில் கவுன் தைத்தார்கள். சித்திக்கு முன்னால் பூக்கூடை பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் நடந்தேன். வீடு முழுக்க ஆட்கள், பலகாரம், இரைச்சல். இந்த அமளியில் தட்டு விஷயம் ஒரேயடியாகப் புதைந்துபோய்விட்டது என்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன். சித்தியை நெய்க்காரப்பட்டிக்கு அனுப்பியதில் எனக்குப் பங்கிருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பெண்கள் படிப்பார்கள், பிறகு கல்யாணம் ஆகும், போய்விடுவார்கள். அது மழை வெயில் போல ஒன்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

நானும் பின்னால் வேதியியல்தான் படித்தேன். அதற்குச் சித்திதான் காரணமா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் கழிந்திருந்தன. ஒருநாள் செய்முறை வகுப்பில் என் விடை எப்படிப் போட்டாலும் சரியாக வரவில்லை. ஆசிரியை என் முடிவைப் பார்த்துவிட்டு, "உன் கையில தப்பில்லம்மா. சாம்பிள்ல ஏதோ கலந்திருக்கு" என்றார். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன். அத்தனை வருடமும் நான் கொஞ்சம் பழம் திருடியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே நெய்க்காரப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். சித்தப்பா தென்னந்தோப்பும் மாடுகளுமாக வாழ்கிறவர், நல்ல மனிதர். சித்திக்கு இரண்டு பையன்கள். அவளுடைய மாமியார் என்னைக் கண்டதும், "வா கண்ணு, சாப்புட்டியா? சுக்குட்டிக் கீரை கடைஞ்சிருக்குது, சுக்குட்டின்னா உனக்குப் புடிக்குமாமே" என்றார். அந்தப் பக்கம் மணத்தக்காளிக்கு அதுதான் பெயர்.

சாப்பிடும்போது அந்த அம்மாவே ஒரு குறை சொன்னார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர் வேலைக்கு இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கேட்டார்களாம். வீட்டில் எல்லோரும் போகச் சொல்லியும் சித்தி மறுத்துவிட்டாளாம்.

"எனக்கு அதெல்லாம் ஆகாதுங்கத்தே. புள்ளைகளுக்குத் தப்புத் தப்பாச் சொல்லிக் குடுத்துருவேன்" என்று சித்தி சிரித்தாள். கொங்குப் பேச்சு அவள் நாக்கில் நன்றாகப் படிந்திருந்தது. "கொழம்புக்கு உப்புப் போட்டாலே உங்களத்தானுங்களே ஒருக்கா பாக்கச் சொல்றேன்."

மத்தியானம் அவள் கொட்டகை ஓரத்தில் பால் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் அருகில் போய்க் குந்தி உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். தின்றது, நிரப்பியது, கதவுக்குப் பின்னால் நின்றது. சொல்லி முடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்னைத் தேற்றவில்லை. கேனைக் கீழே வைத்தாள்.

"எந்தத் தட்டுல போட்ட?"

"பெஞ்சு மேல இருந்த ரெண்டுலயும்."

"பீரோ மேல இருந்தத?"

"எனக்கு எட்டல சித்தி."

"எம்புட்டு இருக்கும்? பாதிக்குப் பாதியா?"

"கடைசியில பாதிக்கு மேலயே பச்சைக் காயாத்தான் இருக்கும்."

அவள் உதடுகள் அசைந்தன. ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஈர விரலால் சிமெண்டுத் தரையில் ஒரு கோடு இழுத்தாள். மேலிருந்து தொடங்கி, சரிந்து, கீழே வந்து நின்றது.

"அப்ப பீரோ மேல இருந்ததுதான் சரி. அதத்தான் நான் அடிச்சேன்" என்றாள். என்னிடம் சொன்னது போல இல்லை. "நான் சரியாத்தான் அளந்திருக்கேன்."

மன்னிப்பு கேட்கத்தான் போயிருந்தேன். அவள் முகத்தில் என்னை மன்னித்ததற்கும் அடையாளம் இல்லை, வெறுத்ததற்கும் இல்லை. அவள் அப்போது என்னோடு இருக்கவே இல்லை. மாடு ஒன்று கத்தியது. மீதிக் கேன்களை இருவருமாகக் கழுவிக் கவிழ்த்தோம்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் வந்தாள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றாள். பஸ் தூரத்தில் தெரிந்ததும் என் தோளில் கையை வைத்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு அடி போட்டிருப்பேன். அந்த ஒரு தட்டை வச்சு எழுதி முடிச்சிருப்பேன். அம்புட்டுத்தான் பாப்பா."

அந்த இரண்டு அடிக்குத்தான் நான் பயந்திருந்தேன்.