கனமான தோட்டா தீர்ந்துபோச்சு

டீல்மனுக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்? ஐம்பத்து மூன்று வயது மனிதன், சொந்தத் தங்கை புருஷனைப் பார்த்து வயிறெரிந்து கிடந்தான்.

கரூ என்ற மரமில்லாத வறண்ட சமவெளியில், எங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடையில், ஆட்டு மருந்துக்கும் முள்கம்பிக்கும் நடுவே தோட்டா விற்கும் கவுண்டர் அவனுடையது. குளிர்காலம் பிறந்தால் ஊரே அங்கேதான் வந்து நிற்கும். "டீல்மன், ஸ்பிரிங்போக் மானுக்கு எதைப்பா எடுக்கட்டும்?" அவன் சட்டென்று பெட்டியை நீட்ட மாட்டான். எந்தப் பண்ணை, எவ்வளவு தூரம், துப்பாக்கி உதைக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாயா என்றெல்லாம் கேட்பான். வெட்கப்படாமல் பதில் சொன்னவனுக்குச் சரியான தோட்டா கிடைக்கும்.

"இங்கே மறைப்புக்கு ஒரு மரம் உண்டா? காத்து நேரா வந்து குண்டைத் தள்ளும். லேசானது வேகமாத்தான் போகும், ஆனா காத்துக்கு ஒதுங்கிக் குடுத்துடும். கனமானது பிடிவாதக்காரன், அவ்வளவு சீக்கிரம் ஒதுங்க மாட்டான்" என்பான். இருபத்தாறு வருஷத்தில் அவன் கொடுத்த தோட்டா காலை வாரியது என்று ஒருத்தர் சொன்னதில்லை.

அப்புறம் வந்து சேர்ந்தான் வெசல். தங்கை எல்ஸபேயைக் கட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவன். கையில் ஆறரை மில்லிமீட்டர் புதுத் துப்பாக்கி. போன குளிர்காலம் ஃப்ளோரிஸ் பண்ணை வேட்டையில் பதினொரு குண்டு, பதினொரு மான், அத்தனையும் கழுத்தில். கறி ஒரு துளி வீணில்லை. அதோடு போயிற்று டீல்மனின் நிம்மதி. கவுண்டரில் வந்து நிற்பவர்கள், "வெசல் எதை வச்சுச் சுடறாரு? அதையே குடு" என்றார்கள். அவன் முகத்துக்கு நேராகவே! ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையிலும் எல்ஸபேக்கு அதே பேச்சுத்தான். இதெல்லாம் போகட்டும். அந்த வேட்டையில் முதல் குண்டு பத்தொன்பது வருஷமாக டீல்மனுடையது. இந்த வருஷம் அது வெசலுக்கு என்று பண்ணைக்காரர் ஃப்ளோரிஸ் சொல்லி அனுப்பிவிட்டார்.

வேட்டைக்கு இரண்டு நாள் முன்னால் வெசல் கடைக்கு வந்தான்.

"மச்சான், என்கிட்ட தோட்டா காலி. சனிக்கிழமை காத்து பேயா அடிக்குமாம். நூத்தி நாப்பது கிரெயின் எடை இருக்கற கனமானதே எடுத்துக்கட்டுமா?"

டீல்மன் இரும்பு அலமாரியைத் திறந்து குனிந்தான். கீழ்த்தட்டில் கனமானது ஆறு பெட்டி இருந்தது. கை அதைத் தொட்டும் விட்டது. நிமிரும்போது கையில் இருந்தது நூறு கிரெயின் லேசான பெட்டி.

"கனமானது தீர்ந்துபோச்சு மாப்ள. உன் குறிக்கு இதுவே போதும்."

வெசல் ஒரு நொடி அவனைப் பார்த்தான். "நீங்க சொன்னா சரி மச்சான்." வெள்ளிக்கிழமை காலை காற்றில்லாத வேளையில் அந்தத் தோட்டாவை வைத்தே குறியையும் சரிபண்ணிக்கொண்டான்.

சனிக்கிழமை விடியும்போது தரையெல்லாம் உறைபனி. ஒன்பது மணிக்குக் காற்று கிளம்பிவிட்டது. காற்றாலைக்கு அப்பால் முந்நூறு தப்படியில் மான் கூட்டம். ஃப்ளோரிஸ் கையைக் காட்டினார். "வெசல், முதல் குண்டு உன்னுது."

டீல்மனுக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். சுடுடா மகனே, சுடு!

வெசல் திரும்பினான். "இல்லீங்க, முதல் குண்டு என்னைக்கும் மச்சானோடதுதான். இந்தாங்க மச்சான், என் துப்பாக்கியிலயே சுடுங்க. நீங்க எடுத்துக் குடுத்த தோட்டாதானே."

"வேணாம் மாப்ள, என்னோடதே இருக்கு..."

"அட, ரொம்பத்தான் பிகு பண்றியே! மாப்பிள்ளை ஆசையாக் குடுக்கறான், வாங்கிக்கப்பா" என்று எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள்.

என்னவென்று மறுப்பான்? வாங்கிக்கொண்டு குப்புறப் படுத்தான். கிடா இடப்பக்கம் பார்த்து நின்றது, காற்றும் இடமிருந்து. கழுத்துக்கு முன்னால் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே தள்ளிக் குறிவைத்தான். விசையை இழுத்த நேரம் பார்த்துக் காற்று ஒரு மூச்சு ஓங்கி அடித்தது. தொப்பென்று ஒரு சத்தம். வயிற்றில் பட்டால் அப்படித்தான் கேட்கும், எங்கள் ஊரில் அது தெரியாத ஆள் இல்லை. கிடா முதுகை வளைத்துக்கொண்டு ஓடியது.

தவறவிட்டவனை நாங்கள் நாள் முழுக்கக் கேலி செய்வோம். காயப்படுத்தியவனிடம் யாரும் பேச மாட்டோம். இரண்டு மணி நேரம் ரத்தச் சுவடு பிடித்துப் போய், கடைசியில் டீல்மன் தன் துப்பாக்கியால் அதன் கதையை முடித்தான். செத்ததும் முதுகில் வெள்ளை முடி விசிறியாக விரிந்தது. அதில் தேன் வாசம் வரும், சுட்டவன்தான் முதலில் முகர வேண்டும். டீல்மன் மண்டியிட்டுக் குனிந்தான். வயிற்று நாற்றம்தான் குப்பென்று அடித்தது.

வயிற்றைக் கிழித்தவனே அதைக் கழுவ வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மற்றவர்கள் கணப்பில் ஈரல் சுட, அவன் வாளியில் பனித்தண்ணீர் வைத்துத் தனியாகக் கழுவினான். வெசல் வந்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து தானும் கழுவ ஆரம்பித்தான்.

"என் தப்பு மச்சான். இந்தத் தோட்டாவைக் காத்துல ஒரு தடவை சுட்டுப் பார்த்துட்டு உங்ககிட்ட குடுத்திருக்கணும்."

பாவி, நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் தேவலை! அந்த நல்ல குணத்தைப் பார்த்தும் டீல்மனுக்குப் பொறாமைதான் வந்தது. அப்போதுதான் தன்மேலேயே அவனுக்குக் குமட்டியது.

"கனமானது தீரலை மாப்ள. ஆறு பெட்டி இருந்துச்சு."

வெசலின் கை நிற்கவில்லை. "தெரியும் மச்சான். நீங்க குனிஞ்சப்பவே பார்த்தேன்."

"பார்த்துமா வாங்கிட்டுப் போனே?"

"இருக்கறதை இல்லேங்கறாரே, எனக்குப் புரியாத காரணம் ஏதோ இருக்கும்னு நினைச்சேன். எங்கண்ணன் ஒருத்தருக்கும் தப்பான தோட்டா குடுத்ததில்லைன்னு எல்ஸபே சொல்லிட்டே இருப்பா."

டீல்மன் வாளியில் தண்ணீர் தீர்ந்த பிறகும் கையைக் கழுவிக்கொண்டே இருந்தான்.