ஆறவிடாத புண்

டெல்லிக் குளிரைப் பற்றிப் பரமசிவத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வேலைக்கு வந்த நாள் முதல் செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்ற நாள் வரை அத்தனை ஜனவரியையும் சர்க்கார் குவார்ட்டர்ஸில் நடுங்கியே கழித்தவர். ஆனாலும் நாங்குநேரியில் பிறந்த உடம்பு அல்லவா, அது கடைசிவரை அந்தக் குளிரோடு சமாதானம் ஆகவில்லை. தொண்ணூற்றொன்பது ஜனவரியில் ஒரு சாயங்காலம், மயூர் விஹார் பிளாட்டில் டி.வி.யை ஓடவிட்டு, ராட் ஹீட்டரை நாற்காலியோரமாக இழுத்து வைத்துக்கொண்டு கண்ணயர்ந்துவிட்டார். சர்க்கரை வியாதியால் பாதி மரத்துப்போன காலில் சூடு எங்கே உறைக்கும்? விழித்துப் பார்த்தால் இடது முழங்காலுக்குக் கீழே தோல் வெந்து கிடக்கிறது. ஹீட்டரைத் தள்ளி வையுங்கள் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. மனைவி லீலாவதி போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

மகள் சிந்து பெங்களூரில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண், தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். தவாயி, மருந்து எடுத்தீங்களா, அச்சா, டேக் கேர் அப்பா, அவ்வளவுதான். பாசத்துக்குக் குறைவில்லை, பேச்சுக்குத்தான் பஞ்சம். மற்றபடி காய்கறிக்காரனுக்கு அவர் பாபுஜி, எதிர் பிளாட்டுக்கு அங்கிள்ஜி, வாசல் காவல்காரனுக்கு சாப். அவரை அவர் ஊர் வார்த்தையில் கூப்பிட ஒரு ஜீவன் கிடையாது. சில நாட்களில் சாயங்காலம் வரை வாயைத் திறக்காமலே இருந்துவிட்டு, பால் வாங்கப் போகும்போது தன் குரலே தனக்குப் புதிதாகக் கேட்கும்.

ஓய்வு பெற்றதும் சர்க்கார் டிஸ்பென்சரி கார்டை மயூர் விஹாருக்கு மாற்றியிருக்க வேண்டும். சோம்பல், மாற்றவில்லை. அதனால் கோல் மார்க்கெட்டில் இருந்த பழைய டிஸ்பென்சரிக்கே, யமுனையைத் தாண்டி பஸ் ஏறிப் போனார். கட்டுப் போடும் அறையில் புதிதாக வந்திருந்த நர்ஸ் ராஜாத்தி, பெயரைப் பார்த்துவிட்டு எந்த ஊர் என்று இந்தியில் கேட்டாள். சொன்னார். சட்டென்று அவள் முகம் மாறிவிட்டது.

"நாங்குநேரியா? நான் வள்ளியூர்லா. உக்காருங்க அண்ணாச்சி, காலை இப்பிடி நீட்டுங்க."

அண்ணாச்சி! மனுஷனுக்கு அந்த நிமிஷமே பாதி எரிச்சல் அடங்கிவிட்டது என்றால் நம்ப மாட்டீர்கள். அவள் காலை மெல்லத் தூக்கி ஸ்டூலில் வைத்து, பழைய துணியை நனைத்து நனைத்து எடுத்து, வலிக்கா வலிக்கா என்று கேட்டுக்கொண்டே கட்டினாள். கூடவே வள்ளியூர்ச் சந்தை, பிள்ளைகள் வீட்டில் இந்தியிலேயே சண்டை போடும் கூத்து என்று வாய் ஓயாது. செவ்வாயும் வெள்ளியும் கட்டு மாற்ற வேண்டும். அந்த இரண்டு நாளும் அவர் காலையிலேயே சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து கிளம்பிவிடுவார். ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி.

கோடை வருவதற்குள் புண் விளிம்பிலிருந்து சுருங்கி, மேலே பொருக்குக் கட்டிவிட்டது. ராஜாத்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் ஒரு தடவை வந்தால் போதும், அதற்கப்புறம் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்றாள். நல்ல செய்திதான். பரமசிவத்துக்கோ இனிச் செவ்வாயும் வெள்ளியும் எங்கே போவது என்றிருந்தது. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பொருக்கு அரித்தது. விரல் தானாகப் போனது. அரிப்புக்குத்தான் சொறிந்தோம் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டார். பொருக்கு பெயர்ந்து ரத்தம் கசிந்தது, மனசில் ஒரு நிம்மதி.

முதல் தடவை அரிப்பு. அடுத்த தடவைகளுக்கு அந்தச் சாக்கும் இல்லை. புண் மூடப் பார்க்கும்போதெல்லாம் நகத்தால் கிளறினார். சொன்னால் வெட்கக்கேடு, அரசாங்கக் கோப்பில் ஒரு புள்ளி பிசகாமல் எழுதிய மனுஷன் செய்கிற வேலையா இது! ஆனால் செய்தார். குளிர்காலங்கள் ஒவ்வொன்றாகப் போயின. டாக்டர்கள் சர்க்கரையைக் குற்றம் சொன்னார்கள். ராஜாத்தி தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டாள். மருந்தை மாற்றிப் பார்த்தாள், மலை மந்திர் முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். ஒரு முறை புதிதாக வந்த பெரிய டாக்டர், நீ கருவியை ஒழுங்காகக் கொதிக்க வைக்கிறாயா என்று எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டினார். அவள் தலைகுனிந்து நின்றாள். ஸ்டூலில் காலை நீட்டியபடி பரமசிவம் சுவரைப் பார்த்தார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் புண்ணின் ஓரம் தடித்து, காலிஃப்ளவர் மாதிரி மேலே எழும்பியது. ராஜாத்தி அதைப் பார்த்ததும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அங்கே சுஜாதா என்று ஒரு சின்ன வயது டாக்டர், டெல்லித் தமிழ்ப்பெண். ஓரத்திலிருந்து துளி சதை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினாள். முடிவு வந்ததும் அவரை எதிரே உட்கார வைத்தாள். தோல் புற்றுநோய். இந்த மாதிரிப் புண்ணில் வருவதற்குப் பொதுவாக ரொம்ப வருஷம் பிடிக்குமாம், இவருக்குச் சீக்கிரமே வந்துவிட்டது.

எப்படி வந்தது என்று கேட்டார். தனக்குத் தெரிந்த தமிழில், இடையிடையே அதாவது என்பதற்கு மத்லப், மத்லப் என்று தடுமாறி, அவள் பொறுமையாகச் சொன்னாள். தோல் கிழிந்ததும் முதலில் ஓடி வருவது ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள். கிருமியோடு சண்டை போட்டுச் சாகும். வீக்கம், சிவப்பு, சூடு எல்லாம் அந்தச் சண்டைதான். பின்னாலேயே மேக்ரோபேஜ் என்று கொஞ்சம் பெரிய அணுக்கள் வரும். அவையும் முதலில் கிருமியைத் தின்னும், செத்ததையெல்லாம் விழுங்கிச் சுத்தம் செய்யும். அப்புறம் குணம் மாறிவிடும். புது ரத்தக்குழாய் வளரவும், புதுத் தோல் மூடவும் ஆள் அனுப்பும். வேலை முடிந்தால் கலைந்து போய்விடும்.

"குவார்ட்டர்ஸ்ல ரிப்பேர்க்கு வருவாங்கள்ல அங்கிள், முதல்ல உடைப்பாங்க, அப்புறம் அவங்களே பூசுவாங்க. பூசி முடிக்கிறதுக்குள்ள யாராவது திரும்பத் திரும்ப உடைச்சா, மத்லப், அவங்க போகவே முடியாது."

போகாமல் அங்கேயே கிடந்தால் சண்டையும் ஓயாது, வளரு வளரு என்ற கட்டளையும் ஓயாது. அந்த அவசரத்தில் ஏதோ ஒரு தோல் அணு கெட்டுப் போகும். கொடுமை என்னவென்றால், அந்தக் கெட்ட சதையையும் ஆறாத புண் என்றே நினைத்து, காக்க வந்த அணுக்களே அதற்கு ரத்தக்குழாய் போட்டு வளர்த்துவிடும்.

புண்ணை அடிக்கடி யாராவது கிளறினார்களா என்று கேட்டாள். தெரியவில்லை என்றார் பரமசிவம். வாய் சொன்னது, கை வேட்டி மடிப்பைப் பிசைந்துகொண்டிருந்தது.

காலை எடுக்க வேண்டியிருக்குமோ என்று பயந்தார்கள். நல்லவேளை, எலும்பு வரை போகவில்லை. புற்றை ஆழமாக வெட்டி எடுத்து, தொடைத்தோலை உரித்து ஒட்டினார்கள். பெங்களூரிலிருந்து சிந்து வந்து ஒரு வாரம் இருந்து, அழுது, லீவு தீர்ந்து போனாள்.

அவள் போன மறுநாள், டியூட்டி முடிந்து ராஜாத்தி வந்தாள். கையில் ஆரஞ்சுப் பை. கட்டிலருகே உட்கார்ந்ததும் கண் கலங்கிவிட்டது.

"எங் கையிலதான் ஏதோ கோளாறு அண்ணாச்சி. ஒங்க காலை நாந்தான் கெடுத்துட்டேன்."

இதற்கு மேல் எப்படிச் சும்மா இருப்பது? பரமசிவம் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒன் கை இல்ல தாயி. நாந்தான் நோண்டுனேன். ஒவ்வொரு தடவையும். ஆறிட்டுன்னா நீ வர வேண்டாம்னு சொல்லிருவேல்லா."

அவள் அழுகை நின்றுவிட்டது. ஆரஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினாள்.

"இத்தனை வருசமா எங் கையத்தான் ஏசிட்டு இருந்தேன்," என்றாள் கடைசியில். "புண்ணு இல்லாம வந்தா நான் உக்காருங்கன்னு சொல்லாமலா இருந்திருப்பேன், அண்ணாச்சி?"

எழுந்து போய்விட்டாள். இவ்வளவு எளிய விஷயம் தன் புத்திக்கு ஒருநாளும் தோன்றவில்லையே என்று அவர் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டார்.

ஒட்டிய தோல் பிடித்துக்கொண்டது. ஹோலி முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை, சவரம் செய்து, இஸ்திரிச் சட்டை போட்டு, புண் இல்லாத காலோடு கோல் மார்க்கெட்டுக்கு பஸ் ஏறினார். கட்டுப் போடும் அறையில் ராஜாத்தி ஒரு கிழவியின் கைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். குனிந்து, வேட்டியை விலக்கி, காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வள்ளியூர்ப் பேச்சு ஒன்றும் வரவில்லை.

"நல்லா ஆறியிருக்கு, சார்," என்றாள்.

சார். அவர் சரிம்மா என்று மட்டும் சொன்னார். அவள் கிழவியிடம் திரும்பிப் போனாள்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தபோது புதுத் தோல் லேசாக அரித்தது. விரல் பழக்கத்தில் அங்கே போனது. பரமசிவம் கையைப் பார்த்தார், பிறகு மடக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இனிப் புண்ணைக் கிளறினாலும் அண்ணாச்சி என்ற அந்த வார்த்தை திரும்பி வராது. மயூர் விஹார் பஸ் வரும்வரை கையை வெளியே எடுக்கவில்லை.